இயந்திரத்தின் மூக்கில் சந்தனம்

போன வாரம் பசியாறிவிட்டு நாளிதழைப் பிரித்த நேரத்தில் போன் அடித்தது. நான் வேலை செய்த தொழிற்சாலையில் இப்போது பொறியாளராக இருக்கும் கவிதா என்ற பெண் பேசினார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், என்னைப் பார்த்ததில்லை. யாரோ என் எண்ணைக் கொடுத்து மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

"அங்கிள், மூக்கு ஆறுமுகம்ங்கிறது நீங்கதானா?"

"நான்தாம்மா. மூக்கு இன்னும் இருக்கு. சொல்லுங்க."

"ஸ்கிரப்பர் பானல மாத்தப் போறோம் அங்கிள். அந்தப் பழைய பானல்ல நாலு மொழியில ஒரு போர்டு மாட்டியிருக்கு. 'இந்தக் கருவியின் முனையில் சந்தனம், குங்குமம், விபூதி வைக்கக் கூடாது'ன்னு. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல. அதுக்குக் கீழ பானல் கதவுல சிவப்பு பெயிண்ட்ல ஒரு வட்டம் வேற. எமர்ஜென்சி பட்டனா அது? ரெண்டு பேரு அமுக்கிப் பாத்துட்டாங்க."

"அது பட்டன் இல்லம்மா. அது பெரிய கதை. எழுதியே அனுப்புறேன்" என்றேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, யாராவது இதைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்டுவிட்டார்கள். ஒரு வழியாகப் பாரம் இறங்கியது. இனி மறைக்க என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் பாரப் பள்ளிப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்களை இங்கே எழுதினால் என் பேரப்பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுவார்கள், ஆகவே அதை விட்டுவிடுவோம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலை ஒன்றில் எண்ணெய் டிரம் உருட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு பாய்லர் பரீட்சை எழுதினேன். நேர்முகத்தில், "பாய்லர் வெடிக்கப் போகிறது என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வாய்?" என்று அதிகாரி கேட்டார். "ஓடுவேன்" என்று உண்மையைச் சொன்னதால் ஒரு முறை தவறினேன். அடுத்த முறை தவறியதற்கு இந்த அளவுக்குக்கூட நல்ல காரணம் இல்லை. மூன்றாம் முறை தேறினேன். பாயா ரும்புட்டில் மலிவு விலை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மோட்டார் சைக்கிள். என் வரலாறு இவ்வளவுதான்.

பாய்லரில் நாங்கள் எரித்தது கறுப்பு எண்ணெய். தேனைவிடக் கெட்டி, சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். அதில் கந்தகம் உண்டு. எரியும்போது அது வாயுவாகிப் புகையோடு கிளம்பும். அந்தப் புகையை வெளியே விடுமுன் குளிப்பாட்ட ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள், அதுதான் ஸ்கிரப்பர். புகை கீழிருந்து ஏறும், தண்ணீர் மேலிருந்து மழையாகக் கொட்டும். கந்தக வாயு தண்ணீரில் கரைந்து தொட்டியில் வந்து விழும். இதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி ஓடும் என்பதால் கொஞ்ச நேரத்தில் அது அமிலமாகிவிடும். அமிலமான தண்ணீர் அதற்கு மேல் வாயுவைப் பிடிக்காது. அதற்காகத் தொட்டியில் காஸ்டிக் சோடாக் கரைசலை அளவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அளவைப் பி.எச். என்ற எண் சொல்லும். ஏழு என்றால் சரி. இறங்கினால் அமிலம், ஏறினால் சோடா கூடிவிட்டது. மற்றவர்களுக்கு வாழ்க்கையில் லட்சம், கோடி என்றெல்லாம் இருக்கும். என் லட்சியம் ஏழு.

அந்த ஏழு என்ற எண்ணைக் கையால் பிடிப்பதுதான் என் வேலை. தொட்டி மேடைக்கு இருபத்திரண்டு படி. அரை மணிக்கு ஒரு தடவை ஏற வேண்டும். குவளையில் தண்ணீர் மொண்டு, காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து நனைத்து, அதன் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவப்பு என்றால் அமிலம், பச்சை என்றால் நிம்மதி, நீலம் என்றால் சோடா வீண். அதற்கேற்பச் சோடா வால்வைக் கால் திருகு திறப்பதும் மூடுவதும். இறங்கி வந்து புத்தகத்தில் எழுதி நிமிர்ந்தால் அடுத்த ஏற்றத்துக்கு நேரமாகிவிடும்.

முழங்கால் வலித்த ஒரு நாள், கீழேயே நின்று காற்றை ஒரு இழு இழுத்துவிட்டு, "கால் திருகு கூட்டணும்" என்று சும்மா சொன்னேன். மேலே போய்ப் பார்த்தவர்கள் காகிதம் நான் சொன்னபடியே இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் மூக்கு ஆறுமுகம். பேர் வந்துவிட்டதால் நானும் நம்பிவிட்டேன். படி ஏறுவது குறைந்தது, மோப்பம் கூடியது. பெயரின்படி ஆறு மூக்கு இருக்க வேண்டிய ஆள் நான். இருந்த ஒன்றும் அந்த வாயுவிலேயே நின்று நின்று எப்போதோ செத்துப்போயிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

விளைவு பின்பக்கத் தாமான் குடியிருப்பில் தெரிந்தது. அங்கே கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடைகளில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள் விழுந்தன. வீட்டுக்காரர்கள் கூட்டமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் அதிகாரிகள் வந்து புகைபோக்கியில் கருவியை விட்டு அளந்தார்கள். தேறவில்லை. அவகாசம் கொடுத்து மறுபடி வந்தார்கள். மறுபடியும் தேறவில்லை. மூன்றாவது முறையும் தவறினால் பாய்லருக்குச் சீல் என்று கடிதம் வந்தது. பாய்லர் நின்றால் ஆவி இல்லை, ஆவி இல்லாவிட்டால் சாயத் தொட்டி இல்லை, தொழிற்சாலையே இல்லை.

அப்போதுதான் பானல் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தண்ணீர்க் குழாய்க்குள் புரோப் என்று ஒரு கண்ணாடிக் குச்சியைச் செருகுவார்கள். அதன் நுனியில் குண்டுமணி மாதிரி ஒரு குமிழ். அது தண்ணீரைத் தொட்டு எண்ணைச் சொல்லும். பானல் அதைப் படித்து, இறங்கினால் சோடா பம்பை 'டக், டக்' என்று அடிக்கவைக்கும், ஏறினால் நிறுத்தும். இருபத்திரண்டு படியும் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் அடங்கிவிட்டது. ஆமாம், இயந்திரத்துக்கும் ஒரு மூக்கு. என் மூக்கைவிட நல்ல மூக்கு.

பானலுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டார்கள். கறுப்பு நிறம், சுழலும், கைப்பிடி உண்டு. பானலைப் பார்த்துக்கொள்பவர் அதில் உட்கார வேண்டும். என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா அந்தப் பால் ஏற்றும் லோரியில் நின்றார், நான் டிரம் உருட்டினேன். எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்த ஆள் அதுவரை கிடையாது. அந்த நாற்காலியைப் பார்த்தபோது என் மனதில் வந்த ஆசையை என் மனைவியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் உணர்ந்ததில்லை. இதை அவர் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நிர்வாகம் டிப்ளோமா படித்த ஆளைப் போட நினைத்தது. தடுத்தவர் தெய்வநாயகம் சார். எங்கள் ஆவிப் பிரிவின் தலைமைப் பொறியாளர், மலாக்கா டவுன்காரர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனாவும் ஒரு மெல்லிய துணியும் வைத்திருப்பார். அந்தத் துணி மூக்குக் கண்ணாடி துடைக்க. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் "டேய்" என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே "வாங்க, உக்காருங்க" என்பார். அவர் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் நாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பொருள்.

மேலாளர் கூட்டத்தில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எனக்குச் சொன்னார்கள்: "ஆறுமுகத்தப் போடுங்க. அந்தத் தண்ணியோட குணம் அவனுக்குத் தெரியும். தப்பு நடந்தா என் பேர்ல எழுதிக்குங்க."

ஆக நாற்காலி எனக்கு. மூன்றாவது சோதனை தேறினால் அது நிரந்தரம். தவறினால் நான் மறுபடியும் டிரம்முக்கு, பழி சாரின் பெயருக்கு.

பானலைப் பொருத்திய கம்பெனி ஆள் கிளம்பும்போது, "இனிமே காகிதம் தேவையில்ல லா" என்றார். தெய்வநாயகம் சார் அவர் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "டேய் ஆறுமுகம், ஸ்கிரீன் சொல்றத நம்பு. ஆனா மணிக்கு ஒரு தடவ காகிதத்தக் கேட்டுட்டு நம்பு." நான் தலையாட்டினேன். இரண்டு வாரம் ஏறினேன். காகிதமும் திரையும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன. மூன்றாவது வாரம் காகிதப் பெட்டியை இழுப்பறைக்குள் வைத்தேன். நாற்காலி அப்படிப்பட்ட நாற்காலி.

சோதனை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் நாங்கள் ஆயுத பூஜை வைத்திருந்தோம். தோட்டத்தில் பால் லோரிக்கும் கத்திக்கும் பூஜை போட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். தொழிற்சாலைக்கு வந்தபிறகும் அதை விடவில்லை. மத்தியானம் பாய்லரை நிறுத்தி, எல்லா இயந்திரத்தையும் துடைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சை வெட்டி, கச்சான் கடலைச் சுண்டல் கொடுப்போம். சுண்டலுக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் எங்களுக்கு முன்பே வரிசையில் நிற்பார்கள்.

என் பங்கைச் சிறப்பாகச் செய்வதென்று முடிவு செய்தேன். முதலில் வாரச் சுத்தம். புரோப்பைக் குழாயிலிருந்து கழற்றி, சுத்தத் தண்ணீரில் அலசி, நான்கு என்று எழுதிய புட்டியிலும் ஏழு என்று எழுதிய புட்டியிலும் முக்கி, திரை சரியாக நான்கும் ஏழும் காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது. புத்தகத்தில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன்.

பம்புக்கு ஒரு பொட்டு. வால்வுக்கு ஒன்று. பானலுக்கு மூன்று. நாற்காலிக்கு இரண்டு கைப்பிடியிலும். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு முக்கியமான ஆளை விட்டுவிடலாமா? திங்கட்கிழமை என் தலையெழுத்து அந்தக் கண்ணாடிக் குமிழில்தானே இருக்கிறது? நல்ல கெட்டியாக, தாராளமாக, குமிழ் முழுவதும் சந்தனம் அப்பினேன். நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு பயபக்தியோடு அதை அப்படியே குழாய்க்குள் செருகித் திருகினேன். ஞாயிறு முழுக்கத் தண்ணீர் ஓடாத குழாய்க்குள், பாய்லர் அறைச் சூட்டில், சந்தனம் நிதானமாகக் காய்ந்தது.

திங்கள் காலை ஆறு மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்தோம். தொட்டியில் புதுத் தண்ணீர். திரையில் ஏழு. ஆறரைக்கு ஏழு. ஏழு மணிக்கும் ஏழு. புள்ளிக்குப் பின்னாலும் பூச்சியம், அசையவே இல்லை. பம்பிலிருந்து ஒரு 'டக்' சத்தம்கூட இல்லை. சோடா குடிக்காமலே ஏழில் நிற்கிறது. பூஜையின் பலன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "சாமி வேலை செய்யிது பாத்தியா" என்று சொல்லி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

எட்டே முக்காலுக்குக் காண்டீன் சரோஜா அக்கா முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வந்தார்.

"டேய் தம்பி, என்னடா எரிக்கிற? என் சட்டினியெல்லாம் பட்டாசு மாதிரி நாறுது! கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா வேற இருமிக்கிட்டே இருக்காரு."

"அக்கா, ஸ்கிரீனப் பாருங்க. ஏழு. வாசமே இல்லையே" என்றேன், ஒரு இழு இழுத்துக் காட்டி.

"உனக்கு எப்படிடா இருக்கும்? போன மாசம் காண்டீன்ல கேஸ் கசிஞ்சு எல்லாரும் வெளிய ஓடுனோம். நீ மட்டும் உள்ள உக்காந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டு இருந்த. உன் மூக்கு செத்து எத்தன வருசமாச்சு! இந்தக் கிலாங்குல வேல செய்யிற எல்லாருக்கும் தெரியும். உனக்கு யாரும் சொல்லலயா?"

யாரும் சொல்லவில்லை. நான் இழுப்பறையைத் திறந்தேன். காகிதப் பெட்டியை எடுத்தேன். அந்த இருபத்திரண்டு படிகளையும் எத்தனை எட்டில் ஏறினேன் என்று நினைவில்லை. குவளையில் மொண்டு காகிதத்தை நனைத்தேன்.

சிவப்பு. அட்டையில் இருந்த சிவப்பைவிடச் சிவப்பு.

திரையில் ஏழு. கையில் மூன்றுகூட இல்லை. தாமானில் திங்கட்கிழமைத் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதிகாரி வர ஒரு மணி நேரம்.

ஒரு நல்ல காரியம் செய்தேன், அதையாவது பதிவு செய்கிறேன். தானியங்கியை அணைத்தேன். பழைய கை வால்வைத் திறந்தேன். கால் திருகு, காகிதம். அரைத் திருகு, காகிதம். சிவப்பு ஆரஞ்சானது, ஆரஞ்சு மஞ்சளானது. கடைசியில் பச்சை எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சரோஜா அக்கா கீழிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, "ம், இப்ப பரவால்ல" என்றார். அன்று என் மூக்கு அவர்தான்.

பிறகு புரோப்பைக் கழற்றினேன். நுனியில் மஞ்சளாக, செங்கல் மாதிரி இறுகி, நடுவில் குங்குமத்தோடு என் பக்தி உட்கார்ந்திருந்தது. கண்ணாடி தண்ணீரைத் தொடவே இல்லை. பின்னால் தெரிந்துகொண்டேன், அந்த வகைக் கருவி எதையும் உணர முடியாமல் போனால் பெரும்பாலும் ஏழு என்றுதான் காட்டுமாம். அதாவது செத்தாலும் சிரித்த முகம்.

ஒரு கையில் புரோப், ஒரு கையில் துணி. யாரும் பார்க்கவில்லை. துடைத்துவிட்டு, கருவியே மட்டம், கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிடலாம். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது. வந்து உட்கார்ந்து கோப்பியும் குடித்தது.

படியில் தெய்வநாயகம் சாரின் காலடி கேட்டது. சரோஜா அக்கா போய்ச் சொல்லியிருக்கிறார். வந்தவர் தொட்டியைப் பார்த்தார், கை வால்வைப் பார்த்தார், பச்சைக் காகிதத்தைப் பார்த்தார். கடைசியாகப் புரோப்பைப் பார்த்தார்.

"என்ன படிஞ்சிருக்கு? சுண்ணாம்பா, எண்ணெய்க் கரியா?"

நான் துணியைப் பைக்குள் திணித்தேன்.

"சுண்ணாம்புன்னா ஆசிட்ல ஊறணும். எண்ணெய்ன்னா சோப்பு. மாத்திப் போட்டா நேரம் போயிரும். வேற புரோப் கையில இல்ல. சரியாச் சொல்லு."

பொய் சொன்னால் அவர் ஆசிட்டில் ஊறவைப்பார். செங்கல் அசையாது, பத்து மணி ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும். நான் நாற்காலியை நினைத்தேன். பிறகு, "என் பேர்ல எழுதிக்குங்க" என்று சொன்ன மனிதர் எதிரே நிற்பதைப் பார்த்தேன்.

"சந்தனம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துணியை எடுத்துத் துடைத்தார். இரண்டு பக்கமும். நான் அந்த இருபத்திரண்டு படியிலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன்.

"தண்ணியில குழைச்சதா?"

"பன்னீர்ல சார். வாசமா இருக்கட்டும்னு கொஞ்சம் ஜவ்வாது..."

"ஜவ்வாது தூளா, எண்ணெய்யா?"

"எண்ணெய் சார்."

"அப்ப சோப்பு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆறுமுகம், நீங்க கொஞ்சம் காண்டீன் வரைக்கும் போயி, வெந்நீரும் பாத்திரம் கழுவுற சோப்பும் வாங்கிட்டு வர்றீங்களா?"

'நீங்க' என்றார். 'வர்றீங்களா' என்றார். நான் பறந்தேன்.

சரோஜா அக்கா தேநீர் போட வைத்திருந்த வெந்நீரைக் கொடுத்தார். சார் அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, விரலை விட்டுப் பார்த்தார். "கண்ணாடி, கொதிச்சா விரிசல் விட்டுரும்." சோப்பைக் கலக்கிப் புரோப்பை நிறுத்தினார். என்னை நகத்தால் தொடவிடவில்லை. பஞ்சை நனைத்து, குழந்தைக்குக் கண் துடைப்பதுபோல ஒரே திசையில் துடைத்தார். குங்குமம் முதலில் போனது. பிறகு மேல் பொருக்கு. பிறகு மஞ்சள் நீர். தண்ணீரை நான்கு முறை மாற்றினோம். கண்ணாடிக் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இவ்வளவு நேரமும் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பது முப்பத்தைந்து. பானலுக்கு முன்னால் வைத்துப் புரோப்பை நான்கு என்ற புட்டியில் முக்கினார். மூவரும் திரையைப் பார்த்தோம். ஆமாம், சரோஜா அக்காவும் நின்றார், அடுப்பில் என்ன கருகினாலும் கருகட்டும் என்று.

ஏழு.

கொஞ்ச நேரம் கழித்து ஆறு புள்ளி எட்டு. அப்படியே நின்றது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். சாமியைக் கூப்பிட்டதால்தானே இவ்வளவும்.

ஆறு புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி ஐந்து. நான்கு புள்ளி ஏழு.

"வா, வா, வா" என்று அக்கா பேருந்தைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்.

நான்கு புள்ளி இரண்டு. நான்கு.

ஏழு என்ற புட்டியில் முக்கினார். இம்முறை வேகமாக ஏறியது. குழாயில் செருகித் திருகினோம். தானியங்கியை முடுக்கினோம். ஆறு புள்ளி ஒன்பது என்றது திரை. பம்ப் 'டக்' என்றது. ஏழு புள்ளி ஒன்று. பம்ப் நின்றது. ஆறு புள்ளி ஒன்பது. 'டக்.'

"பாத்தீங்களா?" என்றார் சார். "உயிரோட இருக்கிற எண்ணு ஆடும். காலையில ரெண்டே முக்கால் மணி நேரம் ஆடாம நின்னுச்சே, அப்பவே பயந்திருக்கணும்."

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி வந்துவிட்டார். ரோஹானி என்ற மலாய்ப் பெண்மணி, கூட இரண்டு பேர், ஒரு பெட்டி நிறையக் கருவி. அவர் படி ஏறுமுன்னே தெய்வநாயகம் சார் போய் மலாயில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: காலை ஆறிலிருந்து எட்டே முக்கால்வரை புரோப்பில் அழுக்கு, பானல் தவறாகக் காட்டியது, வாயு வெளியே போயிருக்கும், இப்போது சரி. சொல்லாமலே விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.

"என்ன அழுக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சென்டானா" என்றார் சார். மலாயில் சந்தனத்துக்கு அதுதான் பெயர்.

அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த பொட்டைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, "காகிதத்தில் காட்டுங்கள்" என்றார். ஏறினேன், முக்கினேன், பச்சை. திரையில் ஏழு புள்ளி ஒன்று. பிறகு புகைபோக்கியில் அவர்களுடைய கருவியை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அளந்தார்கள். அந்த நேரம் முழுவதும் நான் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ரயில் ஏற்றிவிடப் போன சொந்தக்காரன் மாதிரி.

தேறியது.

காலையில் நடந்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா. அதற்கு ஒரு எச்சரிக்கையும் கோப்பில் ஏறியது. பாய்லருக்குச் சீல் இல்லை. போகும்போது சாரிடம், "அடுத்த வருடமும் இதே பூஜை நடக்குமா?" என்று கேட்டார்.

"நடக்கும். நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டாங்க. இடத்தத்தான் மாத்தணும்" என்றார் சார்.

மத்தியானம் அவர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். "வாங்க ஆறுமுகம், உக்காருங்க." உட்கார்ந்தேன். மேசையில் என் காகிதப் பெட்டி இருந்தது. முழுதாக ஒரு நிமிடம் கண்ணாடி துடைத்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

"இழுப்பறையில சார்."

"எத்தன நாளா?"

சொன்னேன். "நான் பழையபடி டிரம்முக்கே போயிடுறேன் சார்" என்றும் சொன்னேன். நான் காமெடிக்காரன், ஆனால் அன்று அழுதேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "டேய், சந்தனம்னு சொல்றதுக்கு நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்ட தெரியுமா? அர நிமிசம். நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரு நிமிசம் ஆகியிருந்தா நானே உன்ன டிரம்முக்கு அனுப்பியிருப்பேன். நாற்காலி உனக்குத்தான். ஆனா மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சுப் படி ஏறு. மூக்க நம்பாத, ஸ்கிரீன நம்பாத. ஏறு."

அவர் வாயிலிருந்து அந்த 'டேய்' வந்தபோது, பொங்கலுக்கு இரண்டு மாதம் போனஸ் அறிவித்தது போலிருந்தது.

அந்த வாரமே என்னை டவுன் கிளினிக்குக்கு அனுப்பினார். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஒரு புட்டியை நீட்டினார். "என்ன வாசம்?" என்றார். "ரோஜா" என்றேன். வினிகராம். வீட்டில் இத்தனை வருடமாக, "குழம்பு வாசம் தெருவையே தூக்குது" என்று நான் புகழ்ந்ததெல்லாம் என்ன என்று மனைவி விசாரணை வைத்தார். பாய்லரைவிட அது கடினமான பரீட்சை. அதிலும் தேறவில்லை.

போர்டின் வாசகம் சாரே சொன்னது. நான்கு மொழியிலும் ஆள் வைத்து எழுதச் சொல்லி, என் கையால் திருகாணி போடவைத்தார். பிறகு ஒரு சின்னத் தூரிகையை எடுத்து, பானல் கதவில், புரோப்புக்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லாத வெறும் இரும்பில், சிவப்பாக ஒரு வட்டம் போட்டார். அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த வட்டத்துக்குள் முதல் பொட்டை அவரே வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏறு" என்றார். சந்தனக் கையோடு ஏறக் கூடாதென்று கழுவிவிட்டு ஏறினேன். பச்சை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். உட்கார்ந்த நேரத்தைவிட ஏறி இறங்கிய நேரம் அதிகமாக இருக்கும். தாமானில் சீருடையில் ஓட்டை விழுந்ததாக அதற்குப் பிறகு யாரும் வந்து சொல்லவில்லை. முழங்கால் மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இதை எழுதி முடித்ததும் கவிதாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒரு காது அடைத்துக்கொண்டது. மூக்குக்குத் துணை.

"அங்கிள், புதுப் பானல் கதவுலயும் அந்த வட்டத்தப் போட்டுடுறேன்."

"போடுங்கம்மா. காகிதப் பெட்டி இருக்கா?"

"இருக்கு அங்கிள். ஆனா ஒன்னு கேக்கணும். நேத்துப் புது சிஸ்டத்த ஓட்டிப் பாத்தோம். ரீடிங் நிக்கவே மாட்டேங்குது. ஆறு புள்ளி ஒம்பது, ஏழு, ஏழு புள்ளி ஒன்னு, திரும்ப ஆறு புள்ளி ஒம்பது. ஆடிக்கிட்டே இருக்கு. ஏதாச்சும் ரிப்பேரா?"

"இல்லம்மா" என்றேன். "மூச்சு விடுது."